வேல்ஸ் நாட்டுக் குன்றில் வேலவன்

முருகப்பெருமானின் ஆறு படைவீடுகளை வரிசையாகச் சொல்லும்போது, குன்றுதோறாடல் என்று ஒன்றைச் சொல்கிறோம். திருத்தணிகையே அது என்று கொண்டு வழிபடுவது நம் வழக்கம். ஆயினும் அந்தப் பெயரின் நேர்ப்பொருள், குன்றுகள் உள்ள இடமெல்லாம் குமரன் ஆடி மகிழ்வான் என்பதே. இன்ன நாட்டுக் குன்று என்று அதில் எல்லை வகுக்கப்படவில்லை. பிரிட்டன் தீவின் மேற்கு ஓரத்தில், மழையும் பசும்புல்லும் ஆட்டு மந்தைகளுமாக விரிந்து கிடக்கும் வேல்ஸ் நாட்டில், அப்படி ஒரு குன்றுச் சாரலில் வேலவன் கோயில் கொண்டிருக்கிறான். சென்ற ஆண்டு வைகாசியில் அவனைத் தரிசிக்கும் பேறு எனக்குக் கிட்டியது.

தலத்தின் பெயர் ஸ்கந்த வேல். ஆங்கிலத்தில் அந்த இரண்டாம் சொல்லுக்குப் பள்ளத்தாக்கு என்று பொருள். கந்தன் பள்ளத்தாக்கு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் அது வேல் என்றே வந்து நிற்கிறது. நாட்டின் பெயரிலும் வேல் இருக்கிறது. மொழியியல் அறிஞர்கள் இதைக் கேட்டு நகைக்கலாம். அடியார்களுக்கு இது இனிக்கும்.

இதனை 1973ஆம் ஆண்டில் நிறுவியவர் குரு ஸ்ரீ சுப்பிரமணியம் என்னும் பெரியவர். இலங்கையில் பிறந்தவர். இங்கிலாந்துக்கு வந்தபின் தம்மைச் சூழ்ந்த சிறு அன்பர் குழுவுடன் வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் வட்டாரத்தில் ஒரு பழைய பண்ணையில் குடியேறினார். அந்தப் பண்ணைதான் இன்று மூன்று கோயில்களும், துறவியர் மடமும், கோசாலையும், அடியார்கள் தங்கும் விடுதியும் கொண்ட திருத்தலமாக வளர்ந்திருக்கிறது. அவர் இன்று இல்லை. அவருடைய சீடர்களான ஆண் துறவியரும் பெண் துறவியரும் வழிபாட்டை இடைவிடாமல் நடத்தி வருகிறார்கள். தங்கள் சபைக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர், ‘பல திருநாமங்கள் கொண்ட இறைவனின் சமூகம்’ என்பது. சகஸ்ரநாமம் சொல்லி வளர்ந்த நமக்கு அந்தப் பெயரில் புதுமை ஏதும் இல்லை. ஆனால், அந்தத் திருநாமங்களுள் இயேசுவின் பெயரும் புத்தரின் பெயரும் அடங்கும் என்று அறியும்போது சற்றே நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

வேல்ஸ் நாட்டின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதில் இந்துக்கள் ஏறக்குறைய 12,000 பேர் மட்டுமே. நம் ஊரில் ஒரு நடுத்தரக் கோயிலின் தேரோட்டத்துக்கே அத்தனை பேர் கூடுவார்கள். அப்படிப்பட்ட நாட்டில், ஆண்டுதோறும் பல்லாயிரம் யாத்திரிகர்கள் வந்து செல்லும் ஒரு முருகன் தலம் எப்படி வேரூன்றியது என்பது, அங்கே போய்ப் பார்க்கும்வரை எனக்கு விளங்காத கணக்காகவே இருந்தது.

என் இளைய மகள் கார்டிஃப் நகரில் பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புப் படித்துவந்தாள். அவள் அறையில் சில வாரங்கள் தங்கிவரச் சென்றிருந்தேன். கும்பகோணத்தில் இருந்தவரை, சுவாமிமலைக்குப் புறப்படலாம் என்றால் தேர்வு என்றும் தலைவலி என்றும் காரணம் சொல்லும் பெண் அவள். அவளே ஒரு வெள்ளிக்கிழமை காலை, “அப்பா, இரண்டு வேட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முருகன் கோயிலுக்குப் போகிறோம், இரவு அங்கேயே தங்கல்” என்றாள். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

கார்டிஃப் நகரிலிருந்து கார்மார்தனுக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். ஸ்வான்சியைக் கடந்தபின் கிட்வெல்லி, ஃபெரிசைட் ஆகிய ஊர்களை ஒட்டி, தண்டவாளம் கடலின் விளிம்பிலேயே ஓடுகிறது. டைவி ஆறு கடலில் கலக்கும் அகன்ற முகத்துவாரம் ஒரு பக்கம். அதன் எதிர்க்கரையில் குன்றின் மேல் லான்ஸ்டெஃபன் கோட்டையின் இடிபாடு. நீர் வற்றும் வேளையாதலால் மணல்திட்டுகள் மின்னின. கொள்ளிடத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தெரியவில்லை.

ரயில் நிலையப் பலகைகளில் முதலில் வேல்ஸ் மொழி, அதன் கீழ்தான் ஆங்கிலம். சாலை வளைவுகளில் ‘மெதுவாக’ என்று தரையில் வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பதுகூட இரண்டு மொழிகளில்தான். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லை ‘அராவ்’ என்கிறார்கள். பெரிய மொழியொன்றின் நிழலில் நின்றுகொண்டு தங்கள் தாய்மொழியை அவர்கள் காத்துவரும் விதம், தமிழன் எவனுக்கும் நெஞ்சில் தைக்கும். ஸ்கந்த வேல் இருக்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள ஊரின் பெயர் லான்பம்சைன்ட். ஐந்து புனிதர்களின் திருச்சபை என்பது அதன் பொருளாம். முருகன் வந்து அமர்வதற்கு முன்பே அது அடியார் பெயர் தாங்கிய மண்ணாகத்தான் இருந்திருக்கிறது.

கார்மார்தன் நிலையத்திலிருந்து வாடகைக் காரில் சென்றோம். இருபுறமும் வேலிச்செடிகள் சுவர்போல் உயர்ந்த ஒற்றைத் தடச் சாலை. எதிரே ஒரு டிராக்டர் வந்தால் பின்னோக்கிச் சென்று வழிவிட வேண்டும். கோபுரம் எங்கே தெரிகிறது என்று நான் கண்ணாடி வழியே தேடிக்கொண்டே வந்தேன். கோபுரம் இல்லை. காட்டு மரங்களுக்கு இடையே ஓட்டுக்கூரை வேய்ந்த பண்ணைக் கட்டடங்கள். அவற்றின் நடுவிலிருந்து மணியோசை கேட்டது. பிறகு சாம்பிராணி மணம் வந்தது.

வண்டியை விட்டு இறங்கியதும் எங்களை வரவேற்றது சமையற்கட்டுதான். லண்டனிலிருந்து பேருந்தில் வந்திருந்த யாழ்ப்பாணத்து அடியார் கூட்டம் ஒன்று அங்கே இருந்தது. அதிலிருந்த ஒரு மூதாட்டி, “வாங்கோ ஐயா, முதல்ல சாப்பிடுங்கோ, பேந்து சுவாமியைக் கும்பிடலாம்” என்று தட்டைக் கையில் கொடுத்துவிட்டார். சோறு, பருப்பு, ஒரு கூட்டு, தயிர். சாப்பிட்டு முடித்து, கைகழுவிய ஈரத்தோடு நான் வழக்கம்போலச் சீட்டுக் கவுண்டரைத் தேடினேன். அர்ச்சனை இவ்வளவு, அபிஷேகம் இவ்வளவு, அறை வாடகை இவ்வளவு என்று எங்கேனும் ஒரு பலகை இருக்க வேண்டுமே! இல்லை. பூஜைக்குக் கட்டணம் இல்லை; உணவுக்கு இல்லை; தங்குவதற்கும் இல்லை. விரும்பியவர்கள் விரும்பியதைக் காணிக்கையாக அளிக்கலாம், அவ்வளவே. வங்கியில் முப்பத்தாறு ஆண்டுகள் வரவையும் செலவையும் ஒட்டிப் பார்த்தே பழகியவன் நான். இப்படி ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பு என் மேசைக்கு வந்திருந்தால் கடன் பரிந்துரைத்திருக்க மாட்டேன். அரை நூற்றாண்டு தாண்டியும் அடுப்பு அணையாமல் எரிகிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கட்டணம் இல்லையே தவிர, கட்டுப்பாடு உண்டு. கோயிலுக்கு வருவோர் சில நாட்கள் முன்பிருந்தே புலாலையும் மதுவையும் விலக்கியிருக்க வேண்டும். இதை வெளிநாட்டில் வேண்டுகோளாகச் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே இது உறுதியான விதி.

மூன்று கோயில்கள் என்றேன். ஒன்று சுப்பிரமணியருக்கு, ஒன்று மகாசக்திக்கு, மற்றொன்று அரங்கநாதருக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பள்ளத்தாக்கின் மேடுபள்ளங்களில் சற்று நடக்க வேண்டும். காவிரிக் கரையில் அரங்கனைச் சேவித்த கண்களுக்கு, ஓக் மரங்கள் சூழ்ந்த ஈரக்காட்டில் பள்ளிகொண்ட பெருமாளைக் காண்பது விவரிக்க அரிய அனுபவம். சைவ, வைணவ, சாக்த வழிபாடுகள் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. நாளொன்றுக்கு ஆறு கால பூஜை. முதற்காலம் அதிகாலை ஐந்து மணிக்கு.

இங்கே எனக்கு எழுந்த தயக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பூஜை செய்பவர்களில் பலர் ஐரோப்பியர். காவி தரித்து, நெற்றி நிறையத் திருநீறு அணிந்து, வடமொழி மந்திரங்களை அவர்கள் சொல்லும்போது உச்சரிப்பில் ஆங்கிலச் சாயல் படிகிறது. ஆகம முறைப்படி தீட்சை, பரம்பரை, பிரதிஷ்டை என்றெல்லாம் கேட்டே வளர்ந்தவன் நான். சுவாமிமலையில் அறுபது ஆண்டுகளின் பெயர் தாங்கிய அறுபது படிகளை ஏறி, குருக்கள் காட்டும் தீபாராதனையைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்ட பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது. இது நம் கோயில்தானா, நம் கோயிலைப் போன்ற ஒன்றா என்ற கேள்வி அன்று மாலைப் பூஜை முழுவதும் உள்ளே முனகிக்கொண்டே இருந்தது. தெய்வ உருவங்களுக்கு அண்மையில் இயேசுநாதரின் உருவமும் புத்தரின் உருவமும் அந்த முனகலை அதிகமாக்கின. அந்தத் துறவியர் ஏழ்மை, பிரமசரியம், கீழ்ப்படிதல் ஆகிய நோன்புகளைப் பூண்டவர்கள். அவர்களுடைய வாழ்க்கை நெறி, இத்தாலி நாட்டு அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸின் துறவு முறையைத் தழுவியது. கிறிஸ்துமஸையும் அங்கே கொண்டாடுகிறார்கள். கந்த சஷ்டியையும் கொண்டாடுகிறார்கள்.

எல்லாம் ஒன்று என்று பேசும் இடங்களில் எதுவுமே ஆழமாக இருப்பதில்லை என்பது என் பழைய அபிப்பிராயம். பல மேடைகளில் அது மெய்யாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே, இரவு படுக்கைக்குச் செல்லுமுன், மேலே குறிப்பிட்ட யாழ்ப்பாணத்து அம்மையாரிடம், “உங்களுக்கு இது ஒரு மாதிரியாகத் தோன்றவில்லையா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “கதிர்காமம் போயிருக்கிறியளோ ஐயா?” என்று திருப்பிக் கேட்டார்.

போனதில்லை. ஆயினும் அவர் எதைச் சொல்கிறார் என்பது உடனே புரிந்தது. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய கதிர்காமத்தில், கருவறையில் நாம் காண்பது திரையில் தீட்டிய திருவுருவம் மட்டுமே. திரைக்குப் பின்னால் நிகழும் வழிபாட்டைச் செய்வோர், கப்புராளைமார் எனப்படும் சிங்களப் பூசகர். அருகிலேயே கிரி விகாரை என்னும் பௌத்தத் தூபி. அதே வளாகத்தை ஒட்டி ஒரு பள்ளிவாசல். காட்டு வேடர்களுக்கு அவன் வள்ளியை மணந்த மாப்பிள்ளை. ஆடி மாதத் திருவிழாவில் தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் ஒரே மாணிக்க கங்கையில் இறங்குகிறார்கள். இது எந்த மாநாட்டிலும் தீர்மானம் போட்டு உண்டாக்கப்பட்டதன்று. பல நூற்றாண்டுகளாக அங்கே அப்படித்தான். இலங்கையில் பிறந்த ஒரு முருகனடியார் வேல்ஸ் நாட்டில் தலம் அமைக்கும்போது, அது இப்படி அமைந்ததில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? வேறு சமயத்துப் பூசகர் கையால் பூஜை ஏற்பது கதிர்காமத்து வேலனுக்குப் பழக்கமான செயல். ஆகமம் கற்றவர்கள் இதற்கு என்ன விடை சொல்வார்களோ, அது அவர்கள் பாடு. எனக்கு அன்று இரவு உறக்கம் வந்தது.

அதிகாலை நாலரை மணிக்கு மகள் வந்து எழுப்பினாள். மே மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கே கிழக்கு வெளுத்துவிடுகிறது. நடைபாதையில் பனி ஈரம். கோயிலுக்குள் நுழைந்தால் முப்பது, நாற்பது பேர் சத்தமில்லாமல் தரையில் அமர்ந்திருந்தார்கள். பால், நீர், விபூதி என்று ஒவ்வொன்றாக முருகனுக்கு அபிஷேகம் நடந்தது. அபிஷேகம் செய்த துறவிக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைக்காரர், உழவர்களுக்கே உரிய தடித்த விரல்கள். அந்த விரல்களால் அவர் சுவாமியின் கண்ணிலும் காதோரத்திலும் படிந்த விபூதியை ஒற்றி எடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டிமார் அப்படித்தான் செய்வார்கள். அவசரமே இல்லை. அடுத்த கட்டணக்காரர் வரிசையில் நிற்கவில்லை. நான் கண்ட எத்தனையோ அபிஷேகங்களில், திரை விலகியபின் அலங்காரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கைகளைப் பார்த்ததில்லை.

பூஜை முடிந்ததும் மகள் காணாமற்போனாள். தேடிச் சென்றால், சமையற்கட்டில் முழங்கை வரை சோப்பு நுரையுடன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தவர்கள் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். இது அவளுடைய முதல் வருகை இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதலாண்டு மார்கழியில், மாலை நாலு மணிக்கே இருண்டுவிடும் அந்த நாட்களில், விடுதியில் எல்லோரும் ஊருக்குப் போய்விட, தனிமை தாங்காமல் ஓர் இலங்கைத் தோழியுடன் இங்கே வந்து ஒரு வாரம் தங்கியிருக்கிறாள். “ஏம்மா எங்களிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சொன்னால் அம்மா பயந்துவிடுவாள். இங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை அப்பா. பாத்திரம் தேய்க்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள்” என்றாள். நான் ஒரு துணியை எடுத்துக்கொண்டு தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறார்களோ இல்லையோ என்று நாம் இங்கே கவலைப்படுகிறோம். அவர்கள் எந்த இரவில் எந்தக் கதவைத் தட்டினார்கள் என்பது நமக்குத் தெரிவதே இல்லை.

இந்தத் தலத்தின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது 2007ஆம் ஆண்டில். மூத்த வாசகர்கள் சிலருக்கு ஷாம்போ என்ற பெயர் நினைவிருக்கலாம். அது அந்தக் கோயிலில் வளர்ந்த கறுப்புக் காளை, ஃப்ரீசியன் இனம், ஆறு வயது. மாடுகளுக்கு வழக்கமாகச் செய்யும் காசநோய்ச் சோதனையில் அதற்கு நோய்த்தொற்று இருப்பதற்கான அறிகுறி காணப்பட்டது. அப்படிக் கண்டால் கொன்றுவிட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. துறவியர் மறுத்தார்கள். காளையைத் தனியே பிரித்து, வைக்கோல் பரப்பிய இடத்தில் வைத்தார்கள். மருத்துவம் பார்க்கிறோம், மந்தையோடு சேர விடமாட்டோம், ஆனால் கொல்ல ஒப்புதல் தரமாட்டோம் என்பது அவர்களுடைய நிலை. வழக்கு நீதிமன்றம் சென்றது. ஜூலை 16 அன்று கார்டிஃப் உயர் நீதிமன்ற அமர்வு, கொல்லும் ஆணையை ரத்துச் செய்தது. ஜூலை 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஜூலை 26 அன்று அதிகாரிகள் காவலர்களுடன் வந்தார்கள். அடியார்கள் பஜனையும் பூஜையுமாகச் சூழ்ந்திருக்க, மாலையில் காளை கொண்டுசெல்லப்பட்டு, உயிர் போக்கப்பட்டது. பிறகு செய்த பரிசோதனையில், காசநோய்க்கு உரிய புண்கள் அதன் உடலில் இருந்ததாக அரசு அறிவித்தது.

கோசாலைக்கு எதிரே ஒரு மரப்பலகையில் அமர்ந்து நானும் மகளும் இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். வாக்குவாதம் என்றே சொல்லலாம். அவள் படிப்பு அப்படி. “சட்டம் கொடுமைக்காக எழுதியதில்லை அப்பா. பாலைக் காய்ச்சாமல் குடித்த காலத்தில் மாட்டுக் காசநோயால் இந்த நாட்டில் எத்தனையோ குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஒரு காளைக்கு விலக்கு அளித்தால், பக்கத்துப் பண்ணைக்காரர் தம் பசுவுக்கும் கேட்பார். கொடுப்பீர்களா?” என்றாள். விதிமுறைப் புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, இரங்கத் தோன்றிய இடங்களிலும் ‘விதி இடம் தரவில்லை’ என்று சொல்லிப் பழகியவனுக்கு அந்த வாதத்தின் வலிமை புரியாமலில்லை. “கொடுக்க முடியாதுதான்” என்றேன். “ஆனால், கொல்லாதே என்று சொல்ல நாட்டில் ஓர் இடமாவது வேண்டாமா? கோயிலில் வளர்ந்த காளையை, நோய் வந்ததும் தாங்களே பிடித்துக் கொடுத்திருந்தால், அதற்குப் பிறகு இவர்கள் ஐந்து மணிக்கு எழுந்து யாருக்கு அபிஷேகம் செய்வது?” அவள் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. வேலிக்கு அப்பால் பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பாலுக்கோ இறைச்சிக்கோ அல்லாமல், தம் ஆயுள் முடியும்வரை வாழ்வதற்கென்றே வைக்கப்பட்ட பசுக்கள்.

மறுபக்கத்தையும் கேட்க நேர்ந்தது. திரும்பும்போது எங்களை ஏற்றிக்கொண்ட வாடகைக் கார் ஓட்டுநர் அந்த வட்டாரத்து உழவர் மகன். ஸ்கந்த வேல் என்றதும் அவரே ஷாம்போவின் பேச்சை எடுத்தார். அவருடைய தந்தையின் மந்தையிலும் இதே நோய்க்காகப் பசுக்கள் கொண்டுசெல்லப்பட்டனவாம். தந்தை அன்று முழுதும் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை என்றும், அதைப் படம்பிடிக்க எந்தத் தொலைக்காட்சியும் வரவில்லை என்றும் சொன்னார். குரலில் கசப்பு இருந்தது. சிறிது தூரம் சென்றபின், தம் தாயார் நோய் முற்றியிருந்த மாதங்களில் அந்தத் துறவியர்தான் பார்த்துக்கொண்டார்கள் என்றும் அவரே சொன்னார். அதற்குமேல் இரண்டையும் சேர்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவர் சொன்னது அவர்கள் நடத்தும் இறுதிநிலைப் பராமரிப்பு இல்லத்தைப் பற்றி. மருத்துவம் இனிப் பலன் தராது என்னும் நிலையிலுள்ள நோயாளிகளை, எச்சமயத்தவராயினும், கட்டணமின்றி அங்கே கவனித்துக்கொள்கிறார்கள். துறவியரும், பயிற்சி பெற்ற செவிலியரும், தொண்டர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் அந்த மண்ணின் மக்கள். கிறிஸ்தவர்கள், அல்லது எச்சமயமும் சாராதவர்கள். முருகன் பெயரை உச்சரிக்கவே வராதவர்கள். அவர்களுக்குத் தலையணை சரிசெய்துவிட்டு, வாய் நனைத்துவிட்டு, இரவு முழுதும் பக்கத்தில் அமர்ந்திருப்பது பூஜையின் தொடர்ச்சி என்றே அந்தத் துறவியர் கருதுகிறார்களாம். காலையில் கண்ட தடித்த விரல்கள் என் நினைவுக்கு வந்தன. நோயுற்ற காளையைக் கொல்ல மறுத்த பிடிவாதத்துக்கும் இந்த இரவுக் காவலுக்கும் வேர் ஒன்றே என்று எனக்குப் பட்டது. மகளிடம் சொன்னேன். “அதை ஒத்துக்கொள்கிறேன்” என்றாள்.

பிரிட்டனில் பிள்ளைகளுடன் தங்கச் செல்லும் அன்பர்கள் பலர் லண்டன் கோயில்களோடு திரும்பிவிடுகிறார்கள். இங்கும் ஒருமுறை சென்றுவரலாம். லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து கார்மார்தனுக்கு ஏறத்தாழ நாலு மணி நேரம். பெரும்பாலும் கார்டிஃப் அல்லது ஸ்வான்சியில் வண்டி மாற வேண்டியிருக்கும். அங்கிருந்து வாடகைக் கார்தான். திரும்புவதற்கும் அதே காரை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். அந்தக் காட்டுச் சாலையில் கைகாட்டி நிறுத்த வண்டி எதுவும் வராது. தங்க விரும்பினால் முன்னரே தெரிவித்து இசைவு பெறுவது அவசியம். கந்த சஷ்டி, மகா சிவராத்திரி போன்ற விழாக் காலங்களில் ஐரோப்பிய நாடுகளிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். கால் வலி உள்ளவர்கள் சாதாரண நாட்களில் செல்வதே நல்லது. கோயில்களுக்கு இடையே ஏற்ற இறக்கம் உண்டு, ஊன்றுகோல் கொண்டுசெல்லுங்கள். கோடையிலும் மழை பெய்யும். காலணியைக் கழற்றியபின் அதிகாலைத் தரை பனிக்கட்டிபோல் குளிரும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கட்டாயம் நனைந்துவிடும்.